நேராமல் போன தவறும், அதைத் தடுத்த இரண்டு பேரும்

கேள்வி:

வணக்கம் மேடம். கொங்கு மண்டலத்தில் 120 படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளராக இருக்கிறேன். இரண்டு சம்பவங்கள் பற்றி உங்கள் ஆலோசனை வேண்டும்.

சென்ற மாதம் ஒருநாள், மாலை ஷிப்டு முடிந்து இரவு ஷிப்டு தொடங்கும் நேரம். சர்க்கரை நோயாளி ஒருவருக்கு இரவு உணவுக்கு முன் போட வேண்டிய இன்சுலினை மாலை டியூட்டி சிஸ்டர் சிரிஞ்சில் ஏற்றி, படுக்கை எண் எழுதி டிரேயில் வைத்துவிட்டு, பொறுப்பை ஒப்படைத்துப் போய்விட்டார். இரவு டியூட்டிக்கு வந்த இளம் செவிலியர் அதைப் போடாமல், குப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார். மருந்தின் செறிவு, வழக்கமாக வரும் 40-க்குப் பதிலாக அதில் 100 என்று அச்சிட்டிருந்தது. சிரிஞ்சோ 40-க்கு உரிய சிவப்பு மூடி போட்டது. உடனே நிறுத்திவிட்டு மருந்தகத்துக்கும் மருத்துவருக்கும் போன் செய்தார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

நிர்வாகம் மிகவும் மகிழ்ந்து, மே 12 செவிலியர் தினத்தன்று அவருக்கு மேடையில் ஷீல்டும் 5,000 ரூபாயும் தருவதாக அறிவித்தது. அவர் வேண்டாம் என்கிறார். “அந்த அக்கா தினமும் அழுகிறார்கள், நான் எப்படி மேடை ஏறுவேன்?” என்று கேட்கிறார். மாலை டியூட்டி சிஸ்டருக்கு மனிதவளப் பிரிவு மெமோ கொடுத்திருக்கிறது. எங்கள் மூத்த மருத்துவர், “கவனமாக இருப்பது அவர்கள் வேலைதானே, அதற்கு எதற்குப் பரிசு?” என்கிறார்.

இன்னொன்று, அறுவை சிகிச்சை வார்டில் நடந்தது. காலை ஏழு மணிக்கு ஆபரேஷனுக்குப் போக வேண்டிய பெரியவருக்கு, ஐந்தரை மணிக்குப் பேரன் பால் காபி வாங்கிக் கொடுத்ததைத் தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் பார்த்து, சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறார். ஆபரேஷன் தள்ளி வைக்கப்பட்டது. அந்தப் பெண் ஒப்பந்தத் தொழிலாளி, நம் ஊழியரே அல்ல, எனவே பரிசுக்குத் தகுதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இன்சுலின் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் மருத்துவமனையில், தவறுகளை ஊழியர்கள் எழுதித் தெரிவிக்கும் சம்பவப் படிவம் ஒன்றுகூட வரவில்லை. என்ன செய்யலாம்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

பரிசைப் பற்றிப் பேசும் முன் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். 100 என்று அச்சிட்ட அந்தக் குப்பி உங்கள் மருத்துவமனைக்குத் தனியாக வந்திருக்காது, பெட்டியாக வந்திருக்கும். மற்ற குப்பிகள் எந்தெந்த வார்டுக்குப் போயின? அந்த நாள்களில் வேறு எந்த நோயாளிக்காவது இரத்தச் சர்க்கரை காரணம் தெரியாமல் இறங்கியதா? உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மருந்தகத்தின் கொள்முதல் பதிவேட்டையும், வார்டுகளின் சர்க்கரை அளவுப் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தேதி வாரியாகப் பாருங்கள். யாருக்காவது தவறான அளவு போயிருந்தால், அவரிடமும் குடும்பத்தாரிடமும் மருத்துவர் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். நோயாளியை எட்டாமல் நின்றுபோன தவறுக்கு அந்த அவசியம் இல்லை. எட்டியதற்கு உண்டு.

இந்த வேலையை நீங்கள் செய்வதையும், செய்து முடித்ததையும் அந்த இளம் செவிலியரிடம் சொல்லுங்கள். அவருக்கு நீங்கள் தரக்கூடிய முதல் மரியாதை அதுதான். அவர் அன்று ஒரு குப்பியைத் தடுத்தார். மற்ற குப்பிகளைத் தேடிப் பிடிப்பது நிர்வாகத்தின் வேலை. அதைச் செய்யாமல் ஷீல்டு கொடுத்தால், அவர் சொன்ன செய்தியில் பாதியைத்தான் நாம் கேட்டிருக்கிறோம்.

மருத்துவமனைக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக, அவர் தடுத்தது என்ன என்று கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் இரண்டு செறிவுகளில் கிடைக்கிறது: ஒரு மில்லிக்கு 40 யூனிட், ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சுகளும் அதற்கேற்ப இரண்டு வகை. 40-க்கு உரியதில் சிவப்பு மூடி, 100-க்கு உரியதில் ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 யூனிட் என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது அரை மில்லி. 40 குப்பியிலிருந்து இழுத்திருந்தால் அது சரியாக 20 யூனிட். 100 குப்பியிலிருந்து இழுத்தால் அதே அரை மில்லியில் 50 யூனிட் இருக்கும். இரண்டரை மடங்கு. சிரிஞ்சை மட்டும் பார்த்தால் கோடு சரியாக இருக்கும், மருந்துச் சீட்டோடு ஒத்துப்போகும், யாருக்கும் சந்தேகம் வராது. இரவு நேரம் வேறு. சர்க்கரை இறங்கும்போது வரும் வியர்வையும் நடுக்கமும் பகலில் என்றால் பக்கத்துப் படுக்கைக்காரர் கண்ணிலாவது படும். இரவில் போர்வைக்குள் கிடப்பவரைப் பார்த்து, அசந்து தூங்குகிறார் என்று எல்லோரும் நினைப்பார்கள். வலிப்பு வந்த பிறகோ, எழுப்பினால் எழுந்திருக்காதபோதோதான் தெரியவரும்.

உங்கள் செவிலியர், பிறர் ஏற்றி வைத்த சிரிஞ்சைப் பார்த்தார், கோடு சரியாக இருப்பதைக் கண்டார், அதோடு நிற்காமல் குப்பியைக் கேட்டார். தன்னைவிட மூத்தவர் செய்து வைத்ததை, ஷிப்டு மாறும் அவசரத்தில், “குப்பி எங்கே அக்கா?” என்று கேட்பதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்பது வார்டில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். நிறைய பேர் அந்த இடத்தில் பேசாமல் போட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போயிருப்பார்கள். நாம் பாராட்ட வேண்டியது அந்தக் கேள்வியை. பாராட்டைத் திட்டமிடும்போது இதை நினைவில் வையுங்கள். நோயாளி பிழைத்தார் என்ற முடிவுக்குப் பரிசு கொடுத்தால், கேட்டுப் பார்த்து எல்லாம் சரியாக இருந்தது என்று தெரிந்துகொண்டவர்கள் பரிசுக்கு வெளியே போய்விடுவார்கள். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது அவர் மேடை வேண்டாம் என்பது. அவர் சொல்வது சரி. தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள். இவ்வளவு சிறிய மருத்துவமனையில் “தவறைத் தடுத்தவர் இவர்” என்று ஒலிபெருக்கியில் சொன்ன மாத்திரத்தில், தவறு செய்தவர் யார் என்பது கேண்டீன் வரை தெரிந்துவிடும். ஒருவருக்கு ஷீல்டு, இன்னொருவருக்கு மெமோ. இதைப் பார்த்த மற்றவர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்பதற்கு உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளே சாட்சி: படிவங்கள் நின்றுவிட்டன. படிவம் எழுதினால் பக்கத்தில் இருப்பவருக்கு மெமோ போகும் என்றால், மனசாட்சி உள்ள எந்தப் பெண்ணும் எழுத மாட்டாள்.

எனவே அந்த மெமோவைத் திரும்பப் பெற வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் போதாது. எழுத்தில் ரத்து செய்து, அவருடைய பணிக் கோப்பிலிருந்து எடுக்கப்பட வேண்டும். மனிதவளப் பிரிவு மறுத்தால், ஒரே ஒரு கேள்வியை அவர்கள் முன் வையுங்கள்: அதே வார்டில், அதே அவசரத்தில், அதே பயிற்சி பெற்ற வேறு சிஸ்டர் இருந்திருந்தால் அவரும் அந்தக் குப்பியிலிருந்து இழுத்திருப்பாரா? ஆம் என்றுதான் பதில் வரும். செறிவு மாறிய ஸ்டாக் வந்ததை மருந்தகம் வார்டுக்குத் தெரிவித்திருக்காது. சிவப்பு மூடி சிரிஞ்சுகள் மட்டுமே கையிருப்பில் இருந்திருக்கும். ஒருவர் ஏற்றி வைத்துவிட்டுப் போவதை இன்னொருவர் போடும் பழக்கம் அந்த வார்டில் முன்பிருந்தே இருந்திருக்கிறது, இல்லாவிட்டால் அவ்வளவு இயல்பாக டிரேயில் வைத்துவிட்டுப் போயிருக்க மாட்டார். இத்தனை ஓட்டைகளும் இருக்கும் இடத்தில் அன்று மாட்டிக்கொண்டவர் அவர். வேண்டுமென்றே விதியை மீறினாலோ, குடித்துவிட்டு டியூட்டிக்கு வந்தாலோ, தவறை மறைக்க கேஸ் ஷீட்டைத் திருத்தினாலோ நடவடிக்கை எடுங்கள், யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். இது அந்த வகையில் சேராது.

ஓட்டைகளை அடைப்பது பற்றி நீங்களே அறிவீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு செறிவுகளில் ஒன்றை மட்டும் மருத்துவமனைக்குள் வைத்துக்கொள்ள முடியுமா என்று மருந்துக் குழுவில் முடிவு எடுங்கள். முடியாவிட்டால் குப்பியும் அதற்குரிய சிரிஞ்சும் ஒரே பெட்டியில், ஒன்றாக மட்டுமே வார்டுக்கு வர வேண்டும். இன்சுலினை ஏற்றுபவரே போட வேண்டும். இன்னொரு சிஸ்டர் சரிபார்க்கும்போது சிரிஞ்சோடு குப்பியையும் காட்ட வேண்டும். ஷிப்டு மாறும் அந்த அரைமணி நேரத்தில் இன்சுலின் போடும் வேலை விழாதபடி நேரத்தைக் கொஞ்சம் முன்னோ பின்னோ நகர்த்துங்கள், உணவு வரும் நேரத்தையும் அதோடு சேர்த்து.

இவற்றில் ஒன்றாவது நடைமுறைக்கு வந்த பிறகு, அந்தச் செவிலியரின் இரவு ஷிப்டில் நீங்கள் நேரில் போங்கள். அலுவலகத்துக்கு வரச் சொல்லாதீர்கள், மேலதிகாரி கூப்பிட்டால் எல்லோரும் மெமோவைத்தான் நினைப்பார்கள். வார்டிலேயே நின்று சொல்லுங்கள்: “அன்றைக்கு நீ குப்பியைக் கேட்டாய். அதனால் இந்த வாரம் முதல் எல்லா வார்டிலும் குப்பியும் சிரிஞ்சும் ஒரே பெட்டியில் வருகின்றன. மருந்தகத்தில் தேடியபோது 100 என்று அச்சிட்ட குப்பிகள் இத்தனை கிடைத்தன, எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம்.” தான் சொன்னது எங்கேயோ போய்ச் சேர்ந்தது, அதனால் ஏதோ ஒன்று மாறியது என்று தெரிந்தவர் அடுத்த முறையும் சொல்வார். பல மருத்துவமனைகளில் படிவம் எழுதியவர்களுக்கு அது என்ன ஆயிற்று என்ற தகவலே போவதில்லை. தரச் சான்றுக்கான ஆய்வு வரும் மாதத்தில் படிவங்களைத் தேடுவார்கள், ஆய்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள். இந்திய மருத்துவமனைகளுக்குச் சான்று அளிக்கும் தேசிய வாரியம், நோயாளியை எட்டாமல் தடுக்கப்பட்ட தவறுகளையும் பதிவு செய்யச் சொல்கிறது. அதன் நோக்கம் கோப்பு பருமனாக இருக்க வேண்டும் என்பதில்லை, வார்டில் ஏதாவது மாற வேண்டும் என்பதே.

அதோடு ஒரு கடிதம் கொடுங்கள். மருத்துவ இயக்குநர் கையெழுத்தோடு, மருத்துவமனை முத்திரையோடு. “சிறந்த சேவைக்காக” என்ற பொத்தாம்பொதுவான வாசகம் வேண்டாம். தேதி, வார்டு, அவர் கவனித்தது என்ன, செய்தது என்ன, அதனால் மாறிய நடைமுறை என்ன என்று நான்கைந்து வரிகள் இருக்கட்டும். மாலை டியூட்டி சிஸ்டரின் பெயரோ, ஏற்றியவர் யார் என்ற குறிப்போ அதில் வேண்டாம். தனியார் மருத்துவமனைச் செவிலியர் வாழ்க்கையில் வேலை மாறிக்கொண்டே இருக்கிறது. நாளைக்கு அவர் சென்னைக்குப் போகலாம், வளைகுடாவுக்கு விண்ணப்பிக்கலாம். நேர்காணலில் எடுத்து நீட்டும்படியான கடிதம், அலமாரியில் தூசி படியும் ஷீல்டைவிட அவருக்குப் பயன்படும். 5,000 ரூபாய் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, கையில் கொடுங்கள், மேடையில் வேண்டாம். சம்பளத்தோடு இரண்டு நாள் விடுப்பும், அடுத்த மாத டியூட்டி அட்டவணையில் அவர் விரும்பும் ஷிப்டும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. எதை விரும்புகிறார் என்று அவரிடமே கேட்டுவிடுங்களேன்.

மூத்த மருத்துவரின் கேள்விக்கு வருவோம். கவனமாக இருப்பது செவிலியரின் கடமை என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் கடமையைச் செய்தவருக்குத்தான் உலகத்தின் மிகப் பெரிய பாராட்டுகளில் ஒன்று கிடைத்தது என்பதை அவரிடம் நினைவூட்டுங்கள். பிரான்சிஸ் கெல்சி என்ற பெண் மருத்துவர் 1960 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் சேர்ந்தார். மறுமாதமே அவர் மேசைக்கு வந்தது, தாலிடோமைடு என்ற மருந்தை விற்க அனுமதி கேட்கும் விண்ணப்பம். ஐரோப்பாவில் ஏற்கனவே விற்பனையில் இருந்த தூக்க மருந்து, கர்ப்பிணிகள் குமட்டலுக்கும் அதை எடுத்துக்கொண்டார்கள். விண்ணப்பத்தில் இருந்த ஆதாரங்கள் அவருக்குப் போதவில்லை. நீண்ட நாள் உட்கொண்டவர்களுக்கு நரம்புப் பாதிப்பு வருகிறது என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கடிதம் வெளியானதைப் பார்த்ததும், கருவில் இருக்கும் குழந்தைக்கு என்ன ஆகும் என்று கேட்டார். மருந்து நிறுவனத்தார் திரும்பத் திரும்ப வந்தார்கள், போன் செய்தார்கள், அவருடைய மேலதிகாரிகளிடம் போய்ப் புகார் சொன்னார்கள். அவர் கையெழுத்துப் போடவில்லை. 1961 நவம்பரில் ஜெர்மனியிலிருந்து செய்தி வந்தது. அந்த மருந்தால் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஊனத்தோடு பிறந்ததாகப் பின்னர் மதிப்பிடப்பட்டது. 1962-இல் அதிபர் கென்னடி வெள்ளை மாளிகையில் அவருக்குப் பதக்கம் அணிவித்தார்.

அந்தப் பதக்கத்தைவிட நான் பெரிதாக நினைப்பது வேறொன்றை. நிறுவனம் புகார் சொன்னபோது அவருடைய மேலதிகாரிகள் அவர் பக்கம் நின்றார்கள். பதக்கம் வரும் என்று யாருக்கும் தெரியாத நாள்களில் அவருக்குக் கிடைத்த அங்கீகாரம் அது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் “உனக்கு எதற்கு இந்த வம்பு, கையெழுத்துப் போட்டுவிடு” என்று யாராவது சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

உங்கள் மூத்த மருத்துவரிடம் நான் கேட்க விரும்புவதும் இதைச் சார்ந்ததே. அன்று இரவு அந்தச் செவிலியர் போன் செய்தபோது அவர் என்ன குரலில் பேசினார்? “நல்ல வேளை கேட்டீர்கள் சிஸ்டர்” என்று சொன்னாரா, “இதற்கெல்லாமா கூப்பிடுவது?” என்றாரா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. எதுவாக இருந்தாலும், ஷீல்டு இருக்கிறதோ இல்லையோ, அடுத்த முறை அந்தப் பெண் போனை எடுப்பாரா மாட்டாரா என்பதை முடிவு செய்வது அந்த அரை நிமிடம். பரிசு தேவையில்லை என்று அவர் நினைப்பதை மாற்ற முயற்சி செய்ய வேண்டாம். வார்டு ரவுண்ட்ஸ் வரும்போது, எல்லோர் முன்னிலையிலும் நின்று ஒரு நன்றி சொல்லச் சொல்லுங்கள். மருத்துவர் சொல்லும் நன்றிக்கு நம் வார்டுகளில் இருக்கும் மதிப்பு உங்களுக்குத் தெரியும்.

இனி, நான் முன்பு விட்டு வந்த விஷயம். கேட்டுப் பார்த்து, எல்லாம் சரியாகவே இருந்தது என்று தெரியவந்தவர்களை என்ன செய்வது? இரத்தம் ஏற்றத் தொடங்கும் முன் “பையில் இருக்கும் எண் ஒத்துப்போகவில்லை போலத் தெரிகிறது” என்று ஒரு சிஸ்டர் நிறுத்துகிறார். இரத்த வங்கி மறுபடி சரிபார்க்கிறது. எண் சரி, மங்கலாக அச்சாகியிருந்தது, அவ்வளவுதான். பத்து நிமிடம் தாமதம். அவருக்கும் அதே நன்றி, அதே குரலில் சொல்லப்பட வேண்டும். அவரைப் பார்த்து யாராவது சலித்துக்கொண்டால், மறுமுறை எண் உண்மையிலேயே மாறியிருக்கும்போது அவர் யோசிப்பார். எனவே நீங்கள் அமைக்கும் பாராட்டுத் திட்டத்தில் இத்தகைய நிறுத்தங்களுக்கும் இடம் இருக்கட்டும். மாதத்துக்கு இத்தனை படிவம் எழுதியவருக்குப் பரிசு என்று வைக்காதீர்கள், எண்ணிக்கைக்காக எழுதுவார்கள். “தவறே நடக்காத வார்டு” என்று கேடயம் வைப்பது அதைவிட ஆபத்து. அந்தக் கேடயம் வாங்கும் வார்டு பெரும்பாலும் எதையும் எழுதாத வார்டாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரிலுள்ள வர்ஜீனியா மேசன் மருத்துவமனையின் அனுபவம் உங்களுக்கு உதவும். டொயோட்டா கார் தொழிற்சாலையில் குறை கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உற்பத்தியையே நிறுத்தலாம். அந்த முறையைப் பின்பற்றி, நோயாளிக்கு ஆபத்து என்று தோன்றினால் எந்த ஊழியரும் வேலையை நிறுத்தலாம் என்று அவர்கள் 2002-இல் கொண்டுவந்தார்கள். அப்படியிருந்தும் 2004-இல் மேரி மெக்ளின்டன் என்ற நோயாளிக்கு, இரத்தக் குழாய்ப் படத்துக்காகச் செலுத்த வேண்டிய சாயத்துக்குப் பதிலாகக் கிருமிநாசினி செலுத்தப்பட்டு அவர் இறந்துபோனார். இரண்டும் நிறமற்ற திரவங்கள், பெயர் ஒட்டாத பாத்திரத்தில் இருந்தன. மருத்துவமனை அதை மறைக்கவில்லை, வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. நோயாளிப் பாதுகாப்புக்காக ஆண்டுதோறும் வழங்கும் விருதுக்கு அவர் பெயரையே வைத்தது. அந்த விருது குழுக்களுக்கு வழங்கப்படுகிறது. தனி ஒருவரை மேடையேற்றுவதில் இருக்கும் சங்கடம் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் ஊரிலும் இது முடியும். இன்சுலின் பெட்டியை மாற்றியமைத்த பிறகு, அந்த வார்டுக்கும் மருந்தகத்துக்கும் சேர்த்து ஒரு பாராட்டு. மாலை டியூட்டி சிஸ்டரும் அந்த வரிசையில் நிற்கலாம். எந்த இடத்தில் தவறு நுழைந்தது என்பதை அவரைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. பெட்டியை எப்படி அடுக்க வேண்டும் என்று முடிவு செய்யும் குழுவில் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர் சம்மதித்தால்.

நாளாக மே 12-ஐவிடச் செப்டம்பர் 17 பொருத்தமாக இருக்கும். 2019 முதல் உலக சுகாதார நிறுவனம் அதை உலக நோயாளிப் பாதுகாப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறது. செவிலியர் தினம் என்றால் மருந்தாளுநர், ஆய்வகத்தினர், வார்டு உதவியாளர், தூய்மைப் பணியாளர் எல்லோரும் பார்வையாளர்களாகவே இருப்பார்கள். செப்டம்பர் 17 எல்லோருக்கும் உரியது. அன்று பேச்சாளர்களைக் குறைத்து, ஒரு மேசையில் இரண்டு குப்பிகளையும் சிவப்பு, ஆரஞ்சு மூடி சிரிஞ்சுகளையும் வைத்து, வருபவர்களை 20 யூனிட் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். யார் தவறு, எப்போது நடந்தது என்ற பேச்சே வேண்டாம்.

படிவங்கள் நின்றுபோனதற்கு மெமோ ஒரு காரணம். வேறு காரணங்களும் இருக்கலாம். உங்கள் படிவம் எந்த மொழியில் இருக்கிறது? ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் என்றால், இரவு டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகத் துடிக்கும் செவிலியரே எழுத மாட்டார், தரை துடைக்கும் பெண் எப்படி எழுதுவார்? தமிழில் அரைப் பக்கம் போதும்: எங்கே, எப்போது, என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள். பெயர் எழுதுவது அவரவர் விருப்பம். எழுத முடியாதவர் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொள்ளலாம். படிவம் மனிதவளப் பிரிவுக்குப் போகவே கூடாது. அமெரிக்காவில் விமானிகள் தங்கள் தவறுகளையும் தப்பித்த விபத்துகளையும் தாங்களே எழுதி அனுப்பும் திட்டம் 1976-இல் தொடங்கியபோது, அந்தக் கடிதங்களைப் பெறும் பொறுப்பைத் தண்டிக்கும் அதிகாரம் உள்ள விமானப் போக்குவரத்துத் துறையிடம் விடாமல், விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவிடம் கொடுத்தார்கள். இன்றும் அப்படியே நடக்கிறது. உங்கள் மருத்துவமனையில் தர மேம்பாட்டு அலுவலர் அதைப் பெறட்டும். நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உள்ள நீங்களும் நேரடியாகப் பெறாமல் இருப்பது நல்லது. இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இன்னொன்றையும் நிர்வாகத்திடம் சொல்லியாக வேண்டும். நான்கு பேர் பார்க்க வேண்டிய வார்டை இரண்டு பேர் பார்த்தால், மாலை ஷிப்டு முடித்தவரையே இரவும் தங்கச் சொன்னால், குப்பியில் இருக்கும் எண்ணைப் படிக்க யாருக்கும் கண் ஓடாது. கவனத்துக்குப் பரிசு தரும் நிர்வாகம், கவனிக்க முடியாத அளவு வேலையைச் சுமத்தக் கூடாது. அந்த இரவு அந்த வார்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர் என்ற விவரத்தையும் விசாரணை அறிக்கையில் எழுதுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் எழுதுங்கள்.

கடைசியாக, தரை துடைத்த அந்தப் பெண். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பாதித்தது அவரை ஒதுக்கிய காரணம். பால் கலந்த காபி வயிற்றை விட்டு நீங்கக் குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும் என்பது மயக்க மருத்துவத்தின் விதி. ஐந்தரைக்குக் குடித்தவருக்கு ஏழு மணிக்கு மயக்க மருந்து கொடுத்தால், வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கலாம். வயதானவர்களின் உயிரைக் குடிக்கக்கூடிய ஆபத்து அது. “ஏதாவது சாப்பிட்டீர்களா?” என்று கேட்டால், ஆபரேஷன் தள்ளிப் போய்விடுமோ என்ற பயத்தில் பெரியவர் இல்லை என்றே சொல்லியிருப்பார். காபி என்ன சாப்பாடா என்று பேரன் நினைத்திருப்பான். அந்த வார்டில் காலை ஐந்தரை மணிக்கு இதைப் பார்க்கும் இடத்தில் இருந்தவர் அவர் ஒருவர்தான். செவிலியரும் மருத்துவரும் வந்து போகிறவர்கள். தரை துடைப்பவர் எல்லாப் படுக்கைக்கும் அடியில் குனிந்து வருபவர், நோயாளியின் வீட்டார் இயல்பாகப் பேசுவதும் இவரிடம்தான். பெரியவருக்கு இன்று ஆபரேஷன், வாயில் எதுவும் போகக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்றால், யாரோ ஒரு சிஸ்டர் அவரையும் ஒரு ஆளாக மதித்துச் சொல்லி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த சிஸ்டர் யார் என்று கண்டுபிடியுங்கள், அவருக்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

சம்பளப் பட்டியலில் பெயர் இல்லை என்பது கணக்குப் பிரிவின் பிரச்சினை. அதைத் தீர்க்க வழி இருக்கிறது. மருத்துவமனையின் பெயரில், செவிலியருக்குக் கொடுப்பதைப் போன்ற கடிதமே அவருக்கும் கொடுங்கள், தமிழில், தட்டச்சு செய்து. கொடுக்கும்போது படித்துக் காட்டுங்கள். செவிலியருக்கு எவ்வளவு தொகையோ அதே தொகையை இவருக்கும் காசோலையாகக் கொடுங்கள், ஒப்பந்ததாரர் கை வழியாகப் போக வேண்டாம். கடிதத்தின் நகல் ஒன்று ஒப்பந்ததாரருக்குப் போகட்டும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போதோ, வேறு நிறுவனத்துக்கு மாறும்போதோ இவர்களைப் போன்றவர்களை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். அனுபவமுள்ள தூய்மைப் பணியாளர்களை வார்டு மாற்றாமல், ஆள் மாற்றாமல் தொடர்ந்து வைத்திருக்க வேண்டும் என்று அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்க்க முடியுமா என்று நிர்வாக அதிகாரியிடம் இப்போதே பேசுங்கள். டெண்டர் வந்த பிறகு பேசினால் நேரம் இருக்காது.